வெயிலும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது, ஹைட்ரஜனைத்தான் காணோம்: ஒளிமின்முனை பிழை நீக்கும் வழிமுறை

வெளிச்சம் பட்டால் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்க உதவும் மெல்லிய படலம்தான் ஒளிமின்முனை. புது ஃபிலிம் போட்டு, செல்லில் மாட்டி, விளக்கைத் திறந்ததும் திரையில் கரண்டைக் காட்டும் கோடு அசையாமல் கிடந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது "மெட்டீரியல் சரியில்லை" என்பதுதான். உடனே டோப்பிங்கை (மெட்டீரியலில் கொஞ்சமாகக் கலக்கும் வேற்றுத் தனிமத்தை) மாற்றுவோம், ஃபர்னஸில் ஐம்பது டிகிரி ஏற்றுவோம், காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சாம்பிள் அனுப்பலாமா என்று யோசிப்போம். மதுரை நாகமலை அடிவாரத்து ஆய்வகம் ஒன்றில் வருடக்கணக்காக இதே வேலையாக இருந்தவன் சொல்கிறேன், காரைக்குடி பஸ் ஏறுவதற்கு முன் கம்பியைப் பாருங்கள், தண்ணீரைப் பாருங்கள், வோல்ட்டை ஒப்பிட்டு அளக்க உதவும் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடைப் பாருங்கள், விளக்கைப் பாருங்கள். மெட்டீரியல் மேல் பழி போடுவது கடைசியில்தான்.

இங்கே எழுதியிருப்பது எஃப்.டி.ஓ. (ஃபுளோரின் கலந்த வெள்ளீய ஆக்சைடு பூசிய, மின்சாரம் கடத்தும்) கண்ணாடி மேல் டைட்டானியா (டைட்டானியம் டைஆக்சைடு), பிஸ்மத் வனடேட், ஹெமடைட் (இரும்பு ஆக்சைடு) போன்றவற்றை மெல்லிய படலமாகப் பூசி, ஃபிலிம், எதிர் எலக்ட்ரோடு, ரெஃபரன்ஸ் என்ற மூன்று எலக்ட்ரோடு செல்லில் வைத்து, வோல்ட்டைப் பிடித்துவைத்துக் கரண்டைக் காட்டும் பொட்டன்ஷியோஸ்டாட்டில் அளப்பவர்களுக்காக. பவுடரைத் தண்ணீரில் கலக்கி வெளிச்சத்தில் வைப்பவர்களுக்கு வாயு பற்றிய பகுதியும், "நம்ப முடியாத அளவுக்கு" என்ற பகுதியில் பவுடருக்கென்று எழுதியதும் போதும். எந்த அறிகுறியோ அந்தப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

வெளிச்சம் பட்டும் கோடு அசையவில்லை

முதலில் மல்டிமீட்டர். கண்ணாடியின் பூசாத ஓரத்தில் இரண்டு முனைகளையும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். சில பத்து ஓம் காட்டினால் அது கடத்தும் பக்கம். ஒன்றுமே காட்டாவிட்டால் நீங்கள் வெறும் கண்ணாடி மேல் பூசியிருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு தம்பி பன்னிரண்டு தட்டு முழுவதையும் மறுபக்கத்தில் பூசி, சுட்டு, படிக வடிவம் பார்க்கும் எக்ஸ்ரே படமும் எடுத்துவிட்டு, "பீக்கெல்லாம் அப்படியே இருக்குண்ணே, கரண்டுதான் வரல" என்று வந்து நின்றான். அன்றிலிருந்து தட்டு வெட்டும்போதே கடத்தாத பக்கத்தின் மூலையில் வைரப் பேனாவால் ஒரு கீறல் போட்டுவிடுவோம்.

சுடுவதற்கு முன் ஒரு தடவை, சுட்ட பின் ஒரு தடவை ஓம் பார்த்து எழுதிவையுங்கள். எஃப்.டி.ஓ. 500 டிகிரி வரை பெரிதாக மாறாது. சுட்ட பின் ஓம் பல மடங்கு ஏறியிருந்தால் உங்கள் கைக்கு வந்தது ஐ.டி.ஓ. (இண்டியம் வெள்ளீய ஆக்சைடு) கண்ணாடியாக இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ஐ.டி.ஓ. சூடு தாங்காது.

அடுத்தது விளக்கு. டைட்டானியாவின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானை எழுப்பக் குறைந்தபட்சம் தேவையான ஆற்றல், அனடேஸ் என்ற படிக வடிவத்தில் 3.2 எலக்ட்ரான் வோல்ட். 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாக் கதிர்தான் அதற்குச் சாப்பாடு. சூரிய ஒளியிலேயே அந்தப் பங்கு நூற்றில் நான்கைந்துதான். 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியாவை வைத்துத் தண்ணீரைப் பிளந்து காட்டினார்கள் என்று எல்லா ஆய்வேட்டின் முதல் பக்கத்திலும் எழுதுகிறோம். பிறகு வெள்ளை எல்.இ.டி. விளக்கை அடித்து "ஏன் வரவில்லை" என்று கேட்கிறோம். அந்த விளக்கில் புற ஊதா கிட்டத்தட்ட கிடையாது. பிஸ்மத் வனடேட்டுக்கு 2.4, அதாவது 515 நானோமீட்டர் வரை. ஹெமடைட்டுக்கு 2.1, அதாவது 590 வரை. இந்த இரண்டும் எல்.இ.டி.க்குப் பதில் சொல்லும், டைட்டானியா சொல்லாது. செல்லின் ஜன்னல் சாதாரணக் கண்ணாடியா, குவார்ட்ஸா என்பதையும் பாருங்கள். ஃபிலிமுக்குப் பின்பக்கமிருந்து, கண்ணாடி வழியாக வெளிச்சம் அடித்தாலும் இதே கதைதான்.

பின்பக்கம் என்றதும் ஒன்று. பிஸ்மத் வனடேட்டில் எலக்ட்ரான் மெதுவாக நகரும். அதனால் எலக்ட்ரான் வெளியேறும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அதாவது கண்ணாடிப் பக்கமிருந்து ஒளியைக் கொடுத்தால் பெரும்பாலும் கரண்ட் கூடும். இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பின்பக்கம் நன்றாக வந்து முன்பக்கம் படுத்தால் எலக்ட்ரான் கடத்தல்தான் சிக்கல். டோப்பிங் பற்றி யோசிக்க வேண்டிய இடம் அதுதான், அதற்கு முன்னால் அல்ல.

இருட்டிலேயே கரண்ட் ஓடுகிறது

விளக்கை மூடியிருக்கும்போதே கோடு மேலே ஏறினால் மூன்று இடங்களில் தேடுங்கள்.

தண்ணீர் கிளிப் வரை ஏறியிருக்கிறதா? இதுதான் அடிக்கடி நடப்பது. ஃபிலிமைத் தாண்டி மின்பகுளி (செல்லில் இருக்கும் மின்சாரம் கடத்தும் கரைசல்) மெல்லத் தொற்றி ஏறி, குரோக்கடைல் கிளிப்பைத் தொட்டுவிடும். கிளிப்பின் செம்பும் நிக்கலும் அரித்துக் கரண்ட் கொடுக்கும். கிளிப்பில் பச்சைப் பொருக்கு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கம்பியை வெள்ளிப் பேஸ்ட்டால் ஒட்டி, மேலே எப்பாக்ஸி பூசி மூடிவிடுங்கள். எப்பாக்ஸி முழுக்கக் காய ஒரு நாள் கொடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு இறக்கினால் அதுவும் ஆக்சிஜனேற்றமாகிக் கரண்ட் காட்டும்.

ஃபிலிமில் ஓட்டை இருக்கிறதா? ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊசிமுனை ஓட்டைகள் தெரியும். அவ்வழியே மின்பகுளி நேராக எஃப்.டி.ஓ.வைத் தொடுகிறது. கனமாக ஒரு தடவை பூசுவதற்குப் பதில் மெல்லியதாக நான்கைந்து தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் உலர்த்துங்கள்.

இரண்டும் இல்லையென்றால் ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடு. மதுரைக் கோடையில் ஏ.சி. இல்லாத அறையில் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு எலக்ட்ரோடு படும் பாட்டைச் சொல்லி மாளாது. உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசல் வற்றி, முனையில் உப்புப் பூத்து, உள்ளே ஒரு காற்றுக் குமிழி வந்து உட்கார்ந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை மாலை வெளியே எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனால் திங்கட்கிழமை அது செத்திருக்கும். அளவீட்டுக்குப் பயன்படுத்தாமல் எடுத்து வைத்த இன்னொரு ரெஃபரன்ஸ், வீட்டில் தங்கம் மாதிரி, எப்போதும் இருக்க வேண்டும். இரண்டையும் நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடில் இறக்கி மல்டிமீட்டரில் வித்தியாசம் பாருங்கள். ஐந்து மில்லி வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. பத்தைத் தாண்டினால் கரைசலை மாற்றுங்கள். அப்போதும் தாண்டினால் எலக்ட்ரோடை மாற்றுங்கள். சோடியம் ஹைட்ராக்சைடில் வேலை செய்பவர்கள் வெள்ளிக் குளோரைடை விட்டுவிட்டு மெர்க்குரி–மெர்க்குரி ஆக்சைடுக்குப் போவது நல்லது. காரம் முனை வழியே உள்ளே புகுந்து வெள்ளிக் குளோரைடைக் கெடுக்கும்.

விளக்கைத் திறந்ததும் ஊசிபோல் எழும்பி, உடனே விழுகிறது

இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த ஒரு அறிகுறியைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஆறு மாத வேலை மிச்சம்.

விளக்கை மூடி மூடித் திறந்து அளக்கும்போது, திறந்த கணத்தில் கரண்ட் ஊசிபோல் எழும்பி, ஓரிரு நொடியில் பாதிக்கும் கீழே வழிந்து நிற்கும். மூடும்போது எதிர்ப்பக்கம் இன்னொரு ஊசி. நடப்பது இதுதான். ஒளி பட்டு எலக்ட்ரான் எழுகிறது, அது இருந்த இடத்தில் நேர்மின் துளை நிற்கிறது. துளை மேற்பரப்புக்கு ஓடி வருகிறது, ஆனால் அங்கே தண்ணீரிடம் எலக்ட்ரானை வாங்கும் வேலை மந்தமாக நடக்கிறது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு துளைகள் வரிசையாக வேலை செய்தாக வேண்டும். டவுன் பஸ்ஸில் கூட்டம் படிக்கட்டு வரை வந்துவிட்டது, இறங்க வழியில்லை என்கிற நிலை. தேங்கிய துளைகளைத் தேடி எலக்ட்ரான் திரும்பி வந்து சேர்ந்துகொள்கிறது. மறுஇணைவு. நீங்கள் பார்க்கும் சரிவு அதுதான்.

இங்கேதான் கேள்வி: துளைகள் மேற்பரப்புக்கே வரவில்லையா, வந்தும் வேலை நடக்கவில்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்க ஒரு பாட்டில் சோடியம் சல்ஃபைட் போதும்.

பிஹெச் 7 பாஸ்பேட் பஃபரில் (பிஹெச் மாறாமல் தாங்கும் கரைசல்) ஒரு தடவை அளங்கள். அதே பஃபரில் சோடியம் சல்ஃபைட்டைக் கரைத்து, பிஹெச் மறுபடி 7 ஆகச் சரிசெய்து, அதே ஃபிலிமை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொரு தடவை அளங்கள். சல்ஃபைட் துளையைக் கண்டதும் பிடித்துக்கொள்ளும், காத்திருக்காது. ஆகவே சல்ஃபைட்டில் வரும் கரண்ட், மேற்பரப்பு வரை வந்து சேரும் துளைகளின் மொத்தக் கணக்கு என்று ஏறத்தாழ எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எடுத்துக்காட்டு. தண்ணீரில் 0.4 மில்லி ஆம்பியர், சல்ஃபைட்டில் 1.6 என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்புக்கு வந்த நான்கில் மூன்று துளைகள் வீணாகப் போகின்றன. உங்கள் மெட்டீரியல் உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது, மேலே ஒரு வினையூக்கி பூசுங்கள். கோபால்ட் பாஸ்பேட், இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு, நிக்கல் ஆக்சிஹைட்ராக்சைடு எல்லாம் இதற்குத்தான். மாறாக, தண்ணீரில் 0.4, சல்ஃபைட்டிலும் 0.5 என்றால் வினையூக்கியைக் கொட்டிப் பூசினாலும் பயனில்லை. துளைகள் வழியிலேயே சாகின்றன. தடிமன், படிக வடிவம், டோப்பிங் பக்கம் போங்கள். ஹெமடைட் காரர்கள் இரண்டாவது பிரிவில் அடிக்கடி மாட்டுவதற்குக் காரணம் உண்டு. அதில் துளை நகரக்கூடிய தூரம் சில நானோமீட்டர்தான், ஒளியை முழுக்க விழுங்கத் தேவையான தடிமனோ அதைப்போல் பல பத்து மடங்கு. துருவை வைத்து ஹைட்ரஜன் எடுக்கலாம் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, துளைதான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

இரண்டு எச்சரிக்கை. சல்ஃபைட் கரைசல் காற்றில் கெட்டு சல்ஃபேட் ஆகிவிடும், அன்றன்றைக்குக் கலக்குங்கள். சல்ஃபைட் போட்டதும் இருட்டுக் கரண்டும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக் கழித்துவிடுங்கள். ஹெமடைட்டுக்குச் சல்ஃபைட்டுக்குப் பதில் காரக் கரைசலில் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த இரண்டாவது எச்சரிக்கையை இரண்டு மடங்காகச் சொல்கிறேன்.

ஒரு மணி நேரத்தில் கரண்ட் மெல்லச் சரிகிறது

முதலில் ஒரு சின்னத் தட்டு. செல்லை விரலால் மெல்லத் தட்டுங்கள். கரண்ட் எகிறிப் பழைய இடத்துக்கு வந்தால் ஃபிலிம் மேல் குமிழி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். காந்தக் கலக்கியைப் போடுங்கள்.

தட்டியும் ஏறவில்லையென்றால் ஃபிலிமைப் புதுத் தண்ணீரில் கழுவி, புது மின்பகுளியில் மறுபடி அளங்கள். ஏறினால் மின்பகுளி கெட்டது. ஏறாவிட்டால் ஃபிலிம் கரைகிறது, அல்லது உரிகிறது. பழைய மின்பகுளியை ஒரு டெஸ்ட் டியூபில் ஊற்றி வெள்ளைத் தாளுக்கு முன் பிடித்துப் பாருங்கள். செம்பு ஆக்சைடு ஃபிலிம் கருத்திருந்தால் அது செம்பாகவே ஒடுங்கிவிட்டது. காட்மியம் சல்ஃபைடில் துளைகள் தண்ணீரை விட்டுவிட்டு சல்ஃபைடையே தின்னும். சல்ஃபைடு, சல்ஃபைட் கரைசல் இல்லாமல் அதை வெளிச்சத்தில் வைப்பது வீண். துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பிஸ்மத் வனடேட்டில் வனேடியம் முதலில் கசிந்து வெளியேறும். மின்பகுளியிலேயே கொஞ்சம் வனடேட்டை முன்கூட்டிக் கரைத்து வைத்தால் அந்தக் கசிவு அடங்கும். இது வேலை செய்யும் தந்திரம், செலவும் குறைவு.

செனான் விளக்கு வைத்திருப்பவர்கள் விளக்கையும் சந்தேகப்படுங்கள். போட்டவுடன் அளக்காதீர்கள். அரை மணி நேரம் எரியவிட்டு, அதற்குள் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டு வாருங்கள், பிறகு சிலிக்கான் செல்லை வைத்து ஒளியளவைப் பார்த்து ஆரம்பியுங்கள். முடிக்கும்போதும் ஒரு தடவை பாருங்கள்.

கரண்ட் நன்றாக இருக்கிறது, வாயு குறைகிறது

கரண்ட் என்பது வாக்கு, வாயுதான் கையில் வரும் காசு. கணக்குப் போட்டால்தான் எவ்வளவு வரவேண்டும் என்பது தெரியும். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான். ஃபாரடே எண் 96,485. ஆகவே ஒரு கூலும் மின்னூட்டத்துக்கு 5.18 மைக்ரோமோல் ஹைட்ரஜன்.

2 மில்லி ஆம்பியர் 3 மணி நேரம் ஓடியது என்றால் 21.6 கூலும், 112 மைக்ரோமோல். அறை 35 டிகிரியில் இருந்தால் அது சுமார் 2.8 மில்லி லிட்டர். மறுபக்கம் ஆக்சிஜன் சரிபாதி, 1.4. ஒரு கரண்டி அளவுகூட இல்லாத இந்த வாயுவைத் துரத்தித்தான் இவ்வளவு பாடு.

இப்போது எங்கே போகிறது என்று பார்ப்போம். முதல் திருடன் தண்ணீரேதான். 100 மில்லி லிட்டர் தண்ணீர் முழு ஹைட்ரஜன் சூழலில் கிட்டத்தட்ட 2 மில்லி லிட்டர் ஹைட்ரஜனைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். உப்புக் கரைசலில் கொஞ்சம் குறையும், அவ்வளவே. தலைகீழ் குழாயில் வாயு பிடிப்பவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் ஏறாமல் இருப்பதற்கு இது போதும். முன்கூட்டியே ஹைட்ரஜன் விட்டு நிறைவு செய்துவிட்டு ஆரம்பியுங்கள், அல்லது ஆர்கானை ஓடவிட்டு வாயுவைத் துடைத்து ஜி.சி.க்கு (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) அனுப்புங்கள். தலைகீழ் குழாயில் பிடித்ததை அளக்கும்போது நீராவியைக் கழிக்க மறக்காதீர்கள். 35 டிகிரியில் நீராவி அழுத்தம் 5.6 கிலோ பாஸ்கல், அதாவது குழாயில் இருப்பதில் நூற்றில் ஐந்து ஆறு பங்கு வெறும் ஆவி. மார்கழியில் அளந்ததையும் சித்திரையில் அளந்ததையும் ஒப்பிடும்போது இது கண்ணில் உறுத்தும்.

இரண்டாவது, கசிவு. சிலிகோன் ரப்பர் குழாய் வழியாக ஹைட்ரஜன் தாராளமாக வெளியேறும், காற்று உள்ளே வரும். ஊசி குத்திக் குத்தி ஓய்ந்துபோன செப்டம் (ரப்பர் மூடி) அதைவிட மோசம். ஜி.சி.யில் நைட்ரஜன் பீக் ஏறுகிறதா என்று பாருங்கள். தண்ணீரைப் பிளந்தால் நைட்ரஜன் வராது, வந்தால் அது வராண்டாவிலிருந்து வந்தது. காற்றில் ஆக்சிஜன் ஒரு பங்குக்கு நைட்ரஜன் 3.7 பங்கு. அந்தக் கணக்கில் ஆக்சிஜனையும் கழித்துவிடுங்கள். ஜி.சி.யில் வெப்பக் கடத்தல் டிடெக்டர் வைத்திருப்பவர்கள் ஹீலியத்தைத் தாங்கு வாயுவாக ஓட்டினால் ஹைட்ரஜன் பீக் நோஞ்சானாகத்தான் வரும். இரண்டின் வெப்பக் கடத்துதிறனும் பக்கத்துப் பக்கத்தில். ஆர்கானுக்கு மாறுங்கள்.

மூன்றாவது, திரும்பிப் போவது. ஒரே அறையில் ஃபிலிமும் பிளாட்டினமும் இருந்தால் அங்கே பிறந்த ஆக்சிஜன் இங்கே வந்து ஒடுங்கும், ஹைட்ரஜன் அங்கே போய் ஆக்சிஜனேற்றமாகும். கரண்ட் ஓடும், வாயு வராது. நடுவில் அயனிகளைக் கடத்தும் நாஃபியான் சவ்வோ, நுண்துளைகள் உள்ள சின்டர் கண்ணாடியோ வைத்துப் பிரியுங்கள்.

ப்ளீச்சிங் பவுடர் வாசனை வருகிறது

ஆக்சிஜன் குறைந்து, செல்லைத் திறந்ததும் நீச்சல் குள வாசம் வந்தால் உங்கள் மின்பகுளியில் குளோரைடு இருக்கிறது. துளைகள் தண்ணீரை விட்டுவிட்டுக் குளோரைடைக் குளோரினாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. இரண்டு எலக்ட்ரானில் முடிகிற எளிய வேலை அல்லவா, நான்கு எலக்ட்ரான் வேலையைவிட அது வேகமாக நடக்கும்.

மதுரையில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய் இருக்கும் என்பது வீட்டுக்கு மட்டுமல்ல, ஆய்வகத்துக்கும் பொருந்தும். போர் தண்ணீரில் கழுவிய பீக்கர் காய்ந்தால் அடியில் வெள்ளை வளையம் தெரியும். அதில் உள்ள கால்சியம், பாஸ்பேட் பஃபரில் விழுந்தால் கரைசல் கலங்கும். கேன் தண்ணீர் குடிக்கத்தான், மின்பகுளிக்கு அல்ல. பிளஸ் டூ பிராக்டிக்கலில் செய்ததைச் செய்யுங்கள்: கொஞ்சம் நைட்ரிக் அமிலம், ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட். வெள்ளையாகக் கலங்கினால் அந்தப் பாட்டிலைக் கை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். கசிகிற ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடும் குளோரைடு கொண்டுவரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வருகிறது

"ஆறு மில்லி ஆம்பியர்ண்ணே!" என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தால் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும். பிஸ்மத் வனடேட் தன் இடைவெளிக்குள் விழும் சூரிய ஒளி முழுவதையும் விழுங்கி, ஒரு துளைகூட வீணாகாமல் இருந்தாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வருவது 7.5 மில்லி ஆம்பியர்தான். ஹெமடைட்டுக்கு 12.6. அதன் பக்கத்தில் முதல் முயற்சியிலேயே போய்விட்டீர்கள் என்றால் பாராட்டுவதற்கு முன் அளவுகோலை எடுங்கள்.

ஒளிபடும் பரப்பு எவ்வளவு? ஒரு சென்டிமீட்டர் என்று நினைத்தது 1.1 என்றால் பரப்பு 1.21. நூற்றில் இருபத்தொரு பங்கு பொய். ஓட்டை போட்ட மறைப்பை ஃபிலிம் மேல் வைத்து, ஓட்டையின் பரப்பை அளந்து எழுதுங்கள்.

வோல்ட்டைப் பொது அளவுக்குக் கணக்கிட்டு மாற்றினீர்களா? பிஹெச் 7இல் வேலை செய்தபோது வெள்ளிக் குளோரைடுக்கு எதிராக 0.62 வோல்ட் வைத்தீர்கள், அது மீள் ஹைட்ரஜன் அளவில் (பிஹெச் வேறானாலும் ஒப்பிட உதவும் வோல்ட் அளவு) 1.23. கணக்கு எளிது: 0.197ஐக் கூட்டுங்கள், பிஹெச்சை 0.059ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். பிறகு பிஹெச் 9 போரேட்டுக்கு மாறி, அதே 0.62இல் விட்டுவிட்டால் இப்போது நிற்பது 1.35இல். ஃபிலிம் தேறவில்லை, நீங்கள் 0.12 வோல்ட் கூடுதலாகத் தள்ளியிருக்கிறீர்கள்.

ஒளிக்கேத்தோடு (ஹைட்ரஜன் வரும் பக்கத்து ஒளிமின்முனை) வைத்து, எதிரே பிளாட்டினம் வைத்திருந்தால் பிளாட்டினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்து உங்கள் கேத்தோடில் உட்கார்ந்துகொள்ளும். ஹைட்ரஜன் எடுக்க அதைவிட நல்ல வினையூக்கி இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் கரண்ட் கூடும், "தானாகத் தேறும் மெட்டீரியல்" என்று கட்டுரை எழுதத் தோன்றும். கிராஃபைட் கம்பிக்கு மாறி மறுபடி அளங்கள். அதேபோல் நிக்கல் வினையூக்கி காரக் கரைசலில் நாளுக்கு நாள் தேறினால் கரைசலில் இருக்கும் இரும்பு மாசுதான் அதற்குக் காரணமாக இருக்கும்.

பவுடர் காரர்களுக்கு: மெத்தனால் ஊற்றியோ, டிரைஎத்தனாலமைன் ஊற்றியோ வரும் ஹைட்ரஜன், தண்ணீரைப் பிளந்து வந்தது அல்ல. தண்ணீரைப் பிளக்க ஒரு மோலுக்கு 237 கிலோ ஜூல் வேண்டும். மெத்தனாலில் இருந்து எடுப்பது அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. தவறு என்று சொல்லவில்லை, அதற்குரிய பெயரில் எழுதுங்கள். இருட்டில் ஒரு தடவை, பவுடர் இல்லாமல் ஒரு தடவை, மெத்தனால் இல்லாமல் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்கள். ஆக்சிஜனும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்தால் அப்போது பேசலாம்.

செயல்திறன் எழுதும்போதும் கை கொஞ்சம் நடுங்கட்டும். சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லி வாட் வெளிச்சத்தில், வெளியிலிருந்து வோல்ட் கொடுக்காமல், அதே பரப்புக்கு ஒரு மில்லி ஆம்பியர் வந்தால் அது 1.23 சதவீதம். 0.8 வோல்ட் கொடுத்து 2 மில்லி ஆம்பியர் எடுத்தால், 1.23இல் 0.8ஐக் கழித்த மிச்சம் 0.43, இரண்டால் பெருக்கினால் 0.86 சதவீதம். அதுவும் ஃபிலிமுக்கும் எதிர் எலக்ட்ரோடுக்கும் நடுவே அளந்த வோல்ட்டாக இருக்க வேண்டும், ரெஃபரன்ஸுக்கு எதிரே அளந்தது அல்ல.

ஃபிலிம் உரிகிறது, வெடிக்கிறது, பால்போல் மங்குகிறது

உரிந்தால் கண்ணாடி சுத்தமில்லை. சோப்பு, அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்று கழுவிய பின் தட்டைச் சாய்த்துத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் ஒரே விரிப்பாகப் படிந்தால் சுத்தம், தாமரை இலைமேல் உருள்வதுபோல் திரண்டால் மறுபடி கழுவுங்கள்.

ஐப்பசி மழையில் டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு பாட்டிலைத் திறந்தாலே வாயில் வெள்ளை படியும். காற்றின் ஈரத்தைக் குடித்து அது முன்கூட்டியே நீராற்பகுப்பு ஆகிவிடுகிறது. அசிட்டைல் அசிட்டோன் கொஞ்சம் சேர்த்தால் அவசரம் அடங்கும். இல்லையென்றால் மழை விடும்வரை வேறு வேலை பாருங்கள்.

பிஸ்மத் வனடேட்டில் மஞ்சளுக்கு நடுவே ஆரஞ்சுத் திட்டு இருந்தால் மிஞ்சிய வனேடியம் ஆக்சைடு. ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் அரை மணி நேரம் மெல்லக் கலக்கிக் கழுவினால் போய்விடும். போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள். ஹெமடைட்டுக்கு 700, 800 டிகிரி என்று போகிறவர்கள் கண்ணாடி வளைவதையும் ஓம் ஏறுவதையும் எதிர்பார்த்தே போங்கள். பத்து இருபது நிமிடத்தில் எடுத்துவிடுவதுதான் வழக்கம்.

சுடும் நாளைக் குறிப்பதற்கு முன் பேப்பரில் "நாளைய மின்தடை" பகுதியைப் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் மதியம்தான் வரும். பாதியில் நின்ற தட்டைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் நல்ல தட்டுகளோடு கலக்கவும் வேண்டாம். ஆயுத பூஜையன்று ஃபர்னஸுக்குப் பொட்டு வைப்பது உங்கள் விருப்பம். சூடம் காட்டுவதற்கு முன் ஹைட்ரஜன் சிலிண்டரை மட்டும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எங்கே இருந்தாலும் அது பற்றும்.

விளக்கில் வந்தது, மொட்டை மாடியில் வரவில்லை

விளக்கில் எல்லாம் சரியாகி, மாடிக்குக் கொண்டுபோனதும் கரண்ட் பாதியானால் முதலில் நிழலைப் பாருங்கள். கிளிப்பின் நிழல், ரெஃபரன்ஸின் நிழல் ஃபிலிம் மேல் விழும். மதுரையில் ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், மணி பன்னிரண்டு அல்ல, ஏறத்தாழ 12:17க்கு. செல்லை நிமிர்த்தி வைத்திருந்தால் அந்த நேரத்தில் ஃபிலிம் மேல் வெயில் சரிவாக உரசிக்கொண்டு போகும், நேராக விழாது. படுக்க வைத்து, குமிழி வெளியேற லேசாகச் சாயுங்கள். மேகம் கடக்கும்போது கோடு விழுந்து எழும். அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம்.

சின்ன சிலிக்கான் செல் ஒன்றின் இரு முனைகளையும் குறைந்த மின்தடையால் இணைத்துப் பக்கத்திலேயே வைத்து, அதன் மில்லி ஆம்பியரையும், நேரத்தையும், மின்பகுளியின் சூட்டையும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதுங்கள். டைட்டானியாவாக இருந்தால் இந்த ஒப்பீட்டை முழுக்க நம்பாதீர்கள். மாலையில் சிலிக்கான் பார்க்கும் ஒளியைவிடப் புற ஊதா வேகமாகக் குறைந்துவிடும். இரண்டு மணிக்கு மேல் காக்கை வந்து ஒயரைக் கொத்தும். வலை போட்டு மூடுங்கள், வலையின் நிழலையும் பரப்பில் கழித்துவிடுங்கள்.